குருத்தணுச் சிகிச்சை: நம்பிக்கையும் எச்சரிக்கையும்

கருக்கட்டிய ஒற்றைக் கலத்திலிருந்தே மனித உடல் முழுவதும் உருவாகின்றது. அக்கலம் பிரிந்து பெருகும்போது சில கலங்கள் நரம்பாகவும் சில தசையாகவும் சில குருதியாகவும் மாறுகின்றன. இதுவே கல வியத்தம் எனப்படுகின்றது. ஏறத்தாழ எல்லாக் கலங்களும் ஒரே பரம்பரையலகுகளையே கொண்டிருப்பினும், அவற்றுள் எவை செயற்படுகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பதே கலத்தின் தொழிலைத் தீர்மானிக்கின்றது. தம்மைப் பெருக்கிக் கொள்ளவும், வேறு கலங்களாக மாறவும் வல்லமை கொண்டவையே ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள்.

என்பு மச்சையிலுள்ள குருத்தணுக்களே வாழ்நாள் முழுவதும் நமக்குக் குருதிக் கலங்களை ஆக்கித் தருகின்றன. குருதிப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில், பழுதுற்ற மச்சையை அகற்றிப் பொருத்தமான கொடையாளியின் குருத்தணுக்களைச் செலுத்துவது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையாகும். இத்துறையின் முன்னோடியான டொனல் தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றார். குடாநாட்டவர் நன்கறிந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை 1986 இல் ஆரம்பமானது. பண்டத்தரிப்பில் 1820 இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடரே அந்நிறுவனத்தின் ஸ்தாபகர் என்பது குறிப்பிடத்தக்கது.

உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று மாத்திரமே. பாதிப் பொருத்தத்துடன் மாற்றும் முறைகள் வளர்ந்துள்ள போதிலும், பலருக்குக் கொடையாளர் பதிவேடுகளே கதி. பொருத்தம் பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடையே கிடைப்பதால், கனடா, பிரித்தானியா போன்ற நாடுகளில் வாழும் நமது தமிழ், முஸ்லிம் உறவுகள் அங்குள்ள பதிவேடுகளில் இணைவது பேருதவியாகும். இழையப் பொருத்தம் சமயம் பார்ப்பதில்லை.

மறுபுறத்தில், நீரிழிவு, பக்கவாதம், ஆட்டிசம் யாவற்றையும் குருத்தணு ஊசி தீர்க்கும் என்ற விளம்பரங்களும் பெருகியுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டல், அங்கீகரிக்கப்பட்ட குருதி சார்ந்த நோய்கள் முதலியவை தவிர்ந்த ஏனைய பயன்பாடுகள் ஆய்வாகவே அமைய வேண்டும் எனவும், ஆய்வுக்குட்படும் நோயாளியிடம் கட்டணம் அறவிடலாகாது எனவும் வலியுறுத்துகின்றது.

எனவே, காணியை ஈடுவைத்தும் நகையை அடகுவைத்தும் கடல் கடக்க முன்னர், இச்சிகிச்சை இந்நோய்க்கு அங்கீகரிக்கப்பட்டதா என்ற ஒரு கேள்வியைத் தமது வைத்திய நிபுணரிடம் கேட்டறிவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும். ஆய்வு எனக் கூறிக்கொண்டே பணம் கேட்பவரிடம் விலகி நிற்பதே விவேகம். நம்பிக்கை நோயாளிக்கு மருந்து. பொய் நம்பிக்கையோ இன்னொரு நோய்.