பதிவாகாத குற்றம் யார் கணக்கில்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கை வெளியிடும்போதெல்லாம் எழுவது ஒரே விவாதம்தான்: எந்த மாநிலம் முதலிடம்? எண்ணிக்கை கூடினால் ‘சட்டம் ஒழுங்கு சீர்கெட்டுவிட்டது’ என்கிறது எதிர்க்கட்சி. குறைந்தால் அதையே சாதனையாகச் சொல்கிறது ஆளுங்கட்சி. குற்றம் பெருகுவது வேறு, வழக்குப் பதிவு பெருகுவது வேறு என்று அறிக்கையிலேயே காப்பகம் எச்சரித்திருப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

2020-ஐப் பாருங்கள். ஊரே அடங்கிக் கிடந்த அந்த ஆண்டில், நாட்டில் பதிவான வழக்குகள் 28 சதவீதம் கூடின. திருட்டு, கொள்ளை எல்லாம் குறைந்தன. ஊரடங்கை மீறியவர்கள் மீது போட்ட வழக்குகள்தான் கணக்கை ஏற்றிவிட்டன. அரசு ஆணையை மீறியதாக 2019-இல் 29,469 வழக்குகள். அடுத்த ஆண்டில் 6,12,179!

இன்னொரு உயர்வு நம்பிக்கை தருவது. 2012-இல் 24,923 ஆக இருந்த பாலியல் வன்கொடுமை வழக்குகள், டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்கு அடுத்த ஆண்டில் 33,707 ஆயின. சட்டம் விரிவானது ஒரு காரணம். அதுவரை வாய்மூடி இருந்த பெண்கள் துணிந்து காவல் நிலையப் படி ஏறியது இன்னொரு காரணம். இதை ‘குற்றம் பெருகிவிட்டது’ என்று மட்டும் வாசிப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி.

எண்ணிக்கை கூடினால் மேலதிகாரி திட்டுவார் என்றால், நிலைய அதிகாரி என்ன செய்வார்? புகாரை வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிடுவார். அது புகார் பெற்றதற்கான சான்று மட்டுமே, எஃப்.ஐ.ஆர். எனும் முதல் தகவல் அறிக்கை அல்ல. எஃப்.ஐ.ஆர். இல்லாத களவு டெல்லிக்குப் போகும் கணக்கிலும் இல்லை. பிறகு எந்தத் தெருவில் ரோந்து வேண்டும், எங்கே ஆள் போதவில்லை என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

இங்கிலாந்தில் 1980-களிலிருந்தே வீடு வீடாகக் கேட்டு, காவல் துறைக்குப் போகாத குற்றங்களையும் கணக்கெடுக்கிறார்கள். நம் அரசும் அப்படியொரு கணக்கெடுப்பை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். வழக்கு எண்ணிக்கையை வைத்து நிலையங்களை எடைபோடுவதையும் நிறுத்த வேண்டும்.

அதுவரை புகார்தாரருக்குத் துணை சட்டம்தான். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று, நீதிபதி சதாசிவம் தலைமையிலான அரசியல் சாசன அமர்வு 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. வழக்குப் பதிய நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள்.