மரையைப் பார்த்து ஹப் வாங்குங்கள், பில் கேட்டு வாங்குங்கள்

திண்டுக்கல் நகருக்கும் நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கத்துச் சமவெளிச் சாலைகளுக்கும் ஒற்றைக் கியர் சைக்கிளே போதும். ஆனால் பழைய சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் கட்டி ஃபிக்சட் கியராக மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிக்சட் கியரில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். பெடலைப் பின்னோக்கி அழுத்தித்தான் வேகத்தைக் குறைப்பார்கள். அந்த விசை முழுவதும் ஹப்பின் மரையில்தான் விழுகிறது. எனவே விலையையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன் மரையைப் பாருங்கள்.

சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்கம் ஒரே மரைதான். முன்னோக்கி மிதிக்க மிதிக்க ஃப்ரீவீல் இறுகும். பின்னோக்கிச் சுற்றினால் சும்மா சுழலும். அதே மரையில் ஃபிக்சட் பல்சக்கரத்தை ஏற்றினால், பின்னோக்கி அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது கழலப் பார்க்கும். முறையான ஃபிக்சட் ஹப்பில் இரண்டு படிகள் உண்டு. பல்சக்கரத்துக்குப் பொதுவாக 1.37 அங்குல வலமரை; அதை ஒட்டி, பல்சக்கரத்தைப் பூட்டும் லாக்ரிங் வளையத்துக்குச் சற்றுச் சிறிய இடமரை. பல்சக்கரம் கழலத் திரும்பினால் லாக்ரிங் இன்னும் இறுகிப் பிடிக்கும். இதோடு ரிம்மின் துளைக் கணக்கும் ஹப்பின் துளைக் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பெரிய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகள் இருப்பது வழக்கம். ஃப்ரேமின் பின்கவை அகலத்தையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். டிராக் ஹப் எனப்படும் ஃபிக்சட் ஹப்புக்குப் பொதுவாக 120 மில்லிமீட்டர் தேவைப்படும்.

“வெல்டிங் வைத்துவிட்டால் கழலாதே” என்பார்கள். அந்தச் சூட்டில் பால்ஸ் ஓடும் கிண்ணத்தின் உறுதி கெடும். அலுமினிய ஹப்பில் இரும்புப் பல்சக்கரம் பற்றவே பற்றாது. “பிரேக்தான் இருக்கிறதே” என்பதும் பாதி நியாயமே. பிரேக் கட்டாயம் வேண்டும். ஆனால் சிறுமலை இறக்கத்தில் கால் கொடுக்கும் தடுப்பை நம்பி இறங்குபவருக்கு, பல்சக்கரம் கழலும் அந்த நொடியில் மிஞ்சுவது பிரேக் மட்டும்தான்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடைக்காரர் பொருளில் செய்த மாற்றமே காயத்துக்கு முக்கியக் காரணமானால் அவர் பொறுப்பேற்க வேண்டும். பொருளை நீங்களே மாற்றியிருந்தால் அவரிடம் இழப்பீடு கேட்கும் உரிமை பறிபோகலாம். பில் தர மறுப்பதும் இச்சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். சில ஆயிரம் ரூபாய்க்கு யார் அலைவது என்று தயங்க வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கழன்ற பல்சக்கரத்தையும் ஹப்பையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தேவைப்பட்டால் ஆணையமே அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பும். இதற்கெல்லாம் அடிப்படை பில்தான். அதில் “ஃபிக்சட் ஹப், லாக்ரிங்குடன்” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் அந்த ஹப்பை வாங்காதீர்கள்.