முடிச்சில் நடந்த அரசு

கிப்பு (முடிச்சுக் கணக்குக் கயிறு). இன்கா, பெரு.

நடுவில் தொங்கும் பழுப்பு நூலை மேலிருந்து பாருங்கள். இரண்டு முடிச்சு, பிறகு வெற்றிடம், அடியில் நான்கு சுற்றுச் சுற்றிய நீள முடிச்சு. 204 என்று படிக்க வேண்டும். வெற்றிடம்தான் சுழியம். இந்த முறையை லேலண்ட் லாக் 1912இல் விளக்கினார்.

தொல்லியலாளர் கோர்டன் சைல்டு 1950இல் நகர வாழ்வுக்கு வகுத்த பத்து அடையாளங்களில் எழுத்தும் ஒன்று. இன்காக்களிடம் ஏட்டில் எழுதும் எழுத்து இல்லை, சக்கர வண்டியும் இல்லை. ஆனால் ஆண்டீஸ் மலைமீது பல்லாயிரம் கிலோமீட்டர் சாலை போட்டார்கள், களஞ்சியங்களை நிரப்பினார்கள், ஊர் ஊராகக் குடிக்கணக்கு எடுத்தார்கள். அத்தனை கணக்கும் இத்தகைய நூல்களில்தான் இருந்தது. இவர்களுக்கு நாகரிகம் இல்லை என்றால், பிழை அந்தப் பட்டியலில்தான். ஓட்டக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி இந்தக் கயிறுகளைத் தலைநகர் குஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள்.