பழைய காரின் முன்விளக்குகள்

1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே மொறிஸ் மைனர் கார் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது, அதன் முன்விளக்குகள் இரண்டும் முகப்பின் கம்பித் தட்டியோடு ஒட்டி மிகத் தாழ்வாக அமைந்திருந்தன. அமெரிக்க நாட்டு விதிகள் அவ்வளவு தாழ்ந்த விளக்கை ஏற்கவில்லை. ஆகவே விளக்குகள் மட்காட்டின் மேற்பகுதிக்கு உயர்த்தப்பட்டன. 1950களின் தொடக்கத்திலிருந்து எல்லா மைனர்களும் அந்த உருவத்தையே பெற்றன. ஒரு காரின் முகத்தையே மாற்றியமைக்கும் அளவுக்கு விளக்கின் உயரம் முக்கியமானதாயிற்று. அந்த உயரத்திலிருந்து விளக்கு எத்திசையை நோக்குகிறது என்பதோ அதனினும் முக்கியமானது.

மைனரும் ஒஸ்ரினும் இலங்கையில் இன்றும் ஓடுகின்றன. 1990இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தை இயக்கிவிட்டுப் பின்பு மண்ணெண்ணெயில் ஓடியவை இத்தகைய கார்களே. இயந்திரத்தை அத்துணைக் கருத்தோடு காப்பாற்றிய சொந்தக்காரர் பலர், விளக்கைப் பொறுத்தவரை ‘எரிந்தாற் போதும்’ என்று இருந்துவிடுகின்றனர். பகலில் மட்டும் ஓடும் காருக்கு அது பொருந்தலாம். வன்னியூடாகச் செல்லும் ஏ-9 வீதியில், பின்விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியில் இரவிலே வீடு திரும்பும் ஒருவருக்கு அது பொருந்தாது. அவரைச் சாரதி எவ்வளவு தூரத்தில் காண்பார் என்பதை அந்த விளக்கே முடிவுசெய்கிறது.

முன்விளக்கின் உள்ளே குழிந்த தெறிப்பி ஒன்று உண்டு. அதன் குவியம் எனப்படும் புள்ளியில் ஒளியிழை இருக்குமாயின், தெறித்த ஒளி நேரான கற்றையாகத் தொலைவுக்குச் செல்லும். அதுவே நெடுங்கற்றை. அந்தப் புள்ளியிலிருந்து வேண்டுமென்றே சற்று விலக்கி வைக்கப்பட்ட இரண்டாவது இழை எரியும்போது ஒளி கீழ்நோக்கிச் சாயும். சாரதிகள் ‘டிம்’ என்று சொல்லும் தாழ்கற்றை இதுதான். இழையின் இடம் சிறிது மாறினும் கற்றை முழுவதும் கலைந்துவிடும். பழைய தெறிப்பிக்குள் கண்டபடி எல்.இ.டி. குமிழைச் செருகினால் பிரகாசம் கூடியும் வீதி தெரியாமற்போவதற்குக் காரணம் இதுவே. ஒளி பிறக்கும் இடம் இழையின் இடத்தோடு பொருந்தாவிடின், அது வீதியிற் படாமல் எதிரே வருபவரின் கண்ணிற் படுகிறது. மேலும், மைனர் போன்ற கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். சாதாரணக் குமிழுக்கு இது ஒரு பொருட்டன்று, எல்.இ.டி.க்கோ முனை மாறினால் எரியாமலே போகலாம்.

விளக்கு மங்கிவிட்டதென்று கண்டவுடன் குமிழைக் குறைகூறுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் வேறிடத்தில் இருக்கும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். அறுபது ஆண்டு பழைய கம்பி, கறுத்த ஆளி, மட்காட்டின் துருவிலே கௌவியிருக்கும் புவித்தொடுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் பத்தில் ஒரு பங்கென்ன, அதற்கு மேலும் இழக்கப்படும். பற்றரியில் ஓர் அளவும் குமிழின் முனைகளில் ஓர் அளவும் எடுத்து ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். துருவைச் சுரண்டிப் புவித்தொடுப்பைப் புதுப்பித்ததும் பழைய குமிழே பளிச்சிடுவதைக் கண்டு வியந்தோர் உளர்.

தெறிப்பி கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. துடைக்கத் துடைக்க எஞ்சிய வெள்ளிப் பூச்சும் போய்விடும். விளக்கையே மாற்றவேண்டும். நல்ல வேளையாக, இக்கார்கள் பலவற்றின் விளக்கு 7 அங்குல விட்டமுடைய பொது அளவினது. அதே கிண்ணத்தில் எச்-4 என்னும் ஹலோஜன் குமிழைக் கொள்ளும் புதிய விளக்கும் பொருந்தும். ஆனால் 42 உவாற்றுக் குமிழ்கள் இரண்டு 7 அம்பியர் மின்னோட்டத்தையே எடுத்தன. 60 உவாற்றுக் குமிழ்கள் இரண்டோ 10 அம்பியர் எடுக்கும். பழைய ஆளி அதைத் தாங்குமென்று நம்புவதிலும், இடையிலே ரிலே ஒன்றைப் பொருத்தி, பற்றரியிலிருந்து தடித்த கம்பியை நேராகக் கொண்டுவருவது மேல். ஹலோஜன் குமிழின் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே தாழ்கற்றை இடப்பக்க ஓரத்தை நோக்கியே சற்று உயரவேண்டும். வலப்பக்கமாகச் செல்லும் நாடுகளுக்கெனச் செய்த விளக்கு எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அது எதிரே வரும் சாரதியின் முகத்துக்கே ஒளியை உயர்த்தும்.

மாற்றும் வேலை கடினமன்று. வெளி வளையத்தின் கீழுள்ள திருகாணியைக் கழற்றி வளையத்தை எடுத்தால், வில்லோடு கூடிய மூன்று திருகாணிகள் தெரியும். வழக்கமான லூக்காஸ் விளக்கில், விளக்கை உள்ளே அழுத்தி இடஞ்சுழியாகத் திருப்பினால் அது அவற்றிலிருந்து விடுபட்டு வரும். அம்மூன்றையும் கழற்ற முயல்வது வீண் வேலை. அவை பிடிப்பதற்காக மட்டும் உள்ளவையல்ல. மேலேயுள்ளது கற்றையை ஏற்றி இறக்கும். பக்கத்திலுள்ளவை இடமும் வலமுமாகத் திருப்பும்.

நேர்படுத்துவதற்குச் சமதரையும் சுவரும் போதும். ரயர்களின் காற்றைச் சரிசெய்து, சாரதியின் ஆசனத்தில் ஒருவரை இருத்தி, விளக்குகள் சுவரிலிருந்து 25 அடி தூரத்தில் இருக்கும்படி காரை நேராக நிறுத்தவேண்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து 27 அங்குலம் உயரமாயின், சுவரிலே அதே உயரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுக்கவேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் நேரே ஒரு நிலைக்குத்துக் கோடும் வேண்டும். ஒரு விளக்கைத் துணியால் மூடிக்கொண்டு மற்றதைப் பார்க்கவேண்டும். தாழ்கற்றையின் மேல்விளிம்பு கோட்டுக்கு 3 அங்குலம் கீழே நிற்கட்டும். 25 அடி என்பது 300 அங்குலம். ஆகவே சாய்வு நூற்றுக்கு ஒன்று. இச்சாய்வில் கற்றை 225 அடி தூரத்தில், அதாவது ஏறத்தாழ 69 மீற்றரில், வீதியைத் தொடும். விளிம்பு இடப்பக்கம் உயரத் தொடங்கும் முறிவு, நிலைக்குத்துக் கோட்டின்மேல் விழவேண்டும்.

மூன்று அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சுவரிலே 6 அங்குலம் இறங்கிவிட்டால் கற்றை 34 மீற்றரோடு முடிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், சாரதி காலை அழுத்துமுன்பே ஒரு செக்கனில் 17 மீற்றர் ஓடிவிடுகிறது. நல்ல தடுப்பும் உலர்ந்த வீதியும் இருந்தால் மொத்தம் 40 மீற்றரளவில் நிற்கும். பழைய காரின் தடுப்புக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஆகவே துவிச்சக்கர வண்டி கண்ணிற் படும்போது காலம் கடந்துவிட்டிருக்கும். மாறாகக் கற்றை நூற்றுக்கு ஒன்று மேல்நோக்கினால், 50 மீற்றர் தூரத்தில் அது 119 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். எதிர்க்காரின் சாரதியுடைய கண்ணும் ஏறத்தாழ அந்த உயரத்திலேயே இருக்கிறது. கூசிய கண் மீண்டும் இருளுக்குப் பழகச் சில செக்கன்கள் செல்லும். முதியவர்க்கு இன்னும் கூடுதலாகும். அந்தச் செக்கன்களில் அவர் தம் பக்கத்து வீதியோரத்தைக் காணாமலே செல்கிறார்.

பின்பக்கத்து இலைவில்லுகள் தளர்ந்த காரில் இந்த அளவு நிலைப்பதில்லை. பின்னாசனத்தில் மூவர் அமர்ந்து, பின்பெட்டியில் வாழைக்குலையும் அரிசி மூடையும் ஏற்றினால் முகப்பு உயர்ந்துவிடும். அத்தகைய காரை வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு நிறுத்தியே நேர்படுத்தவேண்டும். வில்லைத் திருத்துவது இன்னும் நல்லது. மேடுபள்ளமான வீதிகளில் சில நாட்கள் ஓடியபின் காரை அதே சுவரின் முன் மீண்டும் நிறுத்திப் பார்ப்பதும் அவசியம். புதிய விளக்கின் வில்லுகள் படியும்போது விளிம்பு அரை அங்குலம் இறங்கியிருக்கக்கூடும்.