வெம்பக்கோட்டை வட்டாரச் சிறுதொழில்களுக்கான எளிய இணையச் சந்தைப்படுத்தல்

இணையச் சந்தைப்படுத்தல் என்பது கைபேசி, கணினி ஆகியவற்றின் வழியாக ஒரு தொழிலை வாடிக்கையாளருக்கு அறிமுகப்படுத்தி, விசாரணைகளைப் பெற்று, விற்பனையையும் தொடர்பையும் வளர்த்துக்கொள்ளும் முறையாகும். பெரிய விளம்பரச் செலவு செய்ய இயலாத சிறு தொழில்களுக்கு இது மிகவும் பயன்படுகிறது. ஆயினும் எல்லா ஊருக்கும், எல்லாப் பொருளுக்கும் ஒரே வழிமுறை பொருந்தாது. விருதுநகர் மாவட்டத்தின் வெம்பக்கோட்டை வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கு இணையத்தில் தாராளமாக விற்கக்கூடிய பொருள்களும், இணையத்தில் விற்கவே கூடாத பொருளான பட்டாசும் அருகருகே உற்பத்தியாகின்றன. இந்த வேறுபாட்டை அறிந்து தொடங்குவதே இவ்வட்டாரத் தொழில்முனைவோருக்கு முதல் படியாகும்.

வட்டாரமும் தொழில்களும்

வெம்பக்கோட்டை, சிவகாசிக்குத் தெற்கே வைப்பாற்றங்கரையில் அமைந்துள்ளது. இதன் அருகே விஜயகரிசல்குளத்தில் 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. கடற்கரையில் இல்லாத இவ்வூரில் சங்குப் பொருள்கள் கிடைத்திருப்பது, வெளியூர்களோடு வணிகத் தொடர்பு இங்கே மிகப் பழையது என்பதைக் காட்டுகிறது.

இன்றைய தொழில்களும் வெளியூர்த் தொடர்பால் வளர்ந்தவையே. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். அதைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத் தொழிலும் பெருகின. மழை குறைந்த வானிலை இத்தொழில்களுக்குச் சாதகமாக இருந்தது. இன்று இவ்வட்டாரத்தில் பட்டாசு ஆலைகளோடு அச்சகங்கள், அட்டைப்பெட்டித் தயாரிப்பு, நாட்காட்டி, குறிப்பேடு, திருமண அழைப்பிதழ், தின்பண்டம், தையல் எனப் பல சிறுதொழில்கள் நடைபெறுகின்றன. சாத்தூர்க் காராச்சேவும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பக்கத்து ஊர்களின் புகழ்பெற்ற பொருள்கள்.

எதை விற்கலாம், எதை அறிவிக்க மட்டும் செய்யலாம்

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் அளித்த ஆணையில், உரிமம் பெற்ற வணிகர் மட்டுமே பட்டாசு விற்கலாம் என்றும், ஃபிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட மின்வணிகத் தளங்கள் இணையவழிப் பட்டாசு ஆர்டர்களை ஏற்கவோ விற்கவோ கூடாது என்றும் கூறியது. பட்டாசு, வெடிபொருள் சட்டத்தின் கீழ் வரும் பொருள். அதை அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்ப முடியாது. ரயிலில் எடுத்துச் செல்வதும் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். கூகுள் நிறுவனம் பட்டாசு விளம்பரங்களை ஏற்பதில்லை. வாட்ஸ்அப்பின் வணிகக் கொள்கையும் பட்டாசு விற்பனையை அனுமதிப்பதில்லை.

சில வலைத்தளங்களில் "இது விற்பனை அல்ல, விசாரணை மட்டுமே" என்று எழுதிவிட்டு, பொருள்களைத் தேர்ந்தெடுக்கச் செய்து, பின்னர் தொலைபேசியில் பணம் பெறும் வழக்கம் காணப்படுகிறது. ஆர்டர் பெறுவதையும் சேர்த்தே நீதிமன்றம் தடுத்திருப்பதால், பெயரை மாற்றி எழுதுவது வணிகருக்குப் பாதுகாப்புத் தராது. உரிமத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அந்த உரிமமே முதலீடு; அதை ஒரு வலைப்பக்கத்துக்காகப் பணயம் வைக்கக் கூடாது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வட்டாரத்தில் உரிமமின்றி வீடுகளில் பட்டாசு தயாரிக்கும்போதும் விபத்துகள் நேர்ந்துள்ளன. முகம் தெரியாத ஆர்டரும் அடிமாட்டு விலையும் இத்தகைய தயாரிப்புக்கே ஊக்கம் தரும்.

எனவே பொருள்களைப் பின்வருமாறு பிரித்துக்கொள்ளலாம்:

• இணையத்தில் விற்கத்தக்கவை: நாட்காட்டி, குறிப்பேடு, அழைப்பிதழ், அட்டைப்பெட்டி, துணி, கைவினைப்பொருள்.
• தேவையான பதிவுடன் விற்கத்தக்கவை: தின்பண்டங்கள். இவற்றுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். பதிவு எண்ணையும் தயாரித்த நாளையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.
• கடையை அறிவிக்க மட்டும் செய்யத்தக்கது: பட்டாசு. கடையின் முகவரி, திறந்திருக்கும் நேரம், உரிம எண், பாதுகாப்புக் குறிப்புகள் ஆகியவற்றை வெளியிடலாம். ஆர்டரும் பணமும் இணையத்தில் பெறக் கூடாது.

தீப்பெட்டியும் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அஞ்சலில் அனுப்ப இயலாது.

எளிய ஐந்து படிகள்

1. கூகுள் வரைபடத்தில் பதிதல்

கூகுள் வணிகப் பக்கம் இலவசமானது. கடையின் பெயர், தொழில் வகை, முகவரி, தொலைபேசி எண், வேலை நேரம், படங்கள் ஆகியவற்றை இட்டு, கூகுள் கேட்கும் முறையில் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் மக்கள் பலவிதமாக எழுதுவர். ஆகவே குறிப்புரையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஊர்ப்பெயரைச் சேர்ப்பது நல்லது. பெயரும் எண்ணும் எல்லாத் தளங்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கடை இருக்கும் சரியான இடத்தில் குறியிட வேண்டும். "பேருந்து நிலையம் எதிரில்" என்பது போன்ற அடையாளமும் உதவும்.

2. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி

2018இல் வெளிவந்த இச்செயலியில் தொழில் விவரம், பொருள் பட்டியல், தானியங்கி வரவேற்புச் செய்தி, விரைவுப் பதில், வாடிக்கையாளரை வகைப்படுத்தும் அடையாளங்கள் ஆகியவை உள்ளன. குடும்ப எண்ணைத் தவிர்த்துத் தொழிலுக்கெனத் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கே சென்று சேரும். ஆகவே கடைக்கு வருபவரிடம் எண்ணைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். அனுமதி கேளாமல் எல்லாரையும் குழுவில் சேர்த்தால் அவர்கள் எண்ணைத் தடுத்துவிடுவர்.

3. படமும் விவரமும்

ஒரு பொருளுக்கு மூன்று படங்கள் போதும்: முழுப் பொருள், அண்மைக் காட்சி, அளவு தெரியும்படி கையில் பிடித்த காட்சி. அச்சகத்தார் தாளின் தடிமன், அளவு, குறைந்தபட்ச எண்ணிக்கை, முடித்துத் தர ஆகும் நாள் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். வாடிக்கையாளரின் பெயருள்ள அழைப்பிதழை மாதிரியாகக் காட்டும்போது பெயரையும் எண்ணையும் மறைக்க வேண்டும். பட்டாசு ஆலையில் வெடிபொருள் கையாளும் அறைகளுக்குள் காணொளி எடுக்கக் கைபேசியைக் கொண்டுசெல்லக் கூடாது.

4. விரைந்த, தெளிவான பதில்

விலை கேட்பவருக்கு "நேரில் வாங்க பேசிக்கலாம்" என்று மட்டும் பதில் சொன்னால் அவர் அடுத்த கடையைக் கேட்பார். விலை, வரி, அனுப்பும் செலவு, நாள் ஆகிய நான்கையும் ஒரே செய்தியில் சொல்லிவிட வேண்டும். குறை கூறும் மதிப்புரைக்கும் பணிவாகப் பதில் எழுத வேண்டும். உறவினரைக் கொண்டு பொய் மதிப்புரை எழுதச் செய்வது கூகுள் விதிக்கு மாறானது. வாடிக்கையாளரும் எளிதில் கண்டுகொள்வர்.

5. பதிவுகள்

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார், பான் எண்களைக் கொண்டு அரசுத் தளத்தில் கட்டணமின்றிப் பெறலாம். பணம் கேட்கும் தனியார் தளங்களைத் தவிர்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல், முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும் விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மேற்படாத நிறுவனம் குறுந்தொழிலாகக் கருதப்படுகிறது.

இணையத்தில் வரும் ஆர்டர் வெளிமாநிலத்திலிருந்தும் வரலாம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவர், விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். மின்வணிகத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வணிகருக்கு 2023 அக்டோபர் 1 முதல் இதில் தளர்வு தரப்பட்டுள்ளது.

பருவம் அறிந்து பதிவிடுதல்

இவ்வட்டாரத் தொழில்கள் பருவத்தோடு இயங்குபவை. அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு நாளையொட்டி வெளியிடப்படுவது சிவகாசி வழக்கம். முகவர்கள் அவற்றை ஊர் ஊராக எடுத்துச் சென்று ஆர்டர் பிடிப்பர். ஆகவே நாட்காட்டிப் பதிவுகளை மார்கழியில் தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஆடி முதலே தொடங்க வேண்டும். குறிப்பேடுகளுக்குப் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரங்களும், அழைப்பிதழுக்குத் திருமண மாதங்களுக்கு முந்தைய மாதமும் ஏற்றவை.

தொடர்பு வலையமைப்பு

இணையம் புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவரும். ஆனால் தொழிலை நிலைநிறுத்துவது நம்பகமான தொடர்புகளே. நாட்காட்டி முகவர், தாள் வியாபாரி, வடிவமைப்பாளர், லாரி புக்கிங் அலுவலகம், பக்கத்து அச்சகம் ஆகிய எல்லாரும் இவ்வலையமைப்பின் உறுப்பினர்கள். ஒரு சிறு அச்சகத்தால் முடியாத பெரிய ஆர்டரைப் பக்கத்து அச்சகத்தோடு பகிர்ந்து முடிக்கலாம். முகவரின் வாடிக்கையாளர் இணையம் வழியாக நேரே தொடர்புகொண்டால், முகவருக்குரிய கமிஷனை மறைக்காமல் தர வேண்டும். ஒரு முறை மறைத்தால் முகவர் பிறகு ஆல்பத்தைத் தொட மாட்டார்.

மாவட்டத் தொழில் மையம், தொழிற்சங்க அமைப்புகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஆகியவையும் பயனுள்ள தொடர்புகள். அரசு அலுவலகங்களுக்கு விற்க விரும்புவோர், 2016இல் தொடங்கப்பட்ட ஜெம் என்னும் அரசு மின்சந்தையில் பதிவு செய்யலாம். மொத்த வியாபாரத்துக்கு இந்தியாமார்ட் போன்ற தளங்கள் உள்ளன.

பணமும் மோசடியும்

தீபாவளி நெருங்கும்போது, சிவகாசிப் பெயரில் போலி வலைத்தளங்கள் பாதி விலைக்கும் குறைவாகப் பட்டாசு தருவதாக விளம்பரம் செய்து, முன்பணம் பெற்று மறைந்துவிடுகின்றன. இதனால் ஏமாறுபவர் வெளியூர் மக்கள். பெயர் கெடுவது இவ்வட்டாரத்தின் நேர்மையான வணிகருக்கு. தங்கள் கடை இணையத்தில் பட்டாசு விற்பதில்லை என்பதைத் தம் கூகுள் பக்கத்திலேயே எழுதிவைப்பது இதற்கு ஒரு தற்காப்பு.

• பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவர் மோசடிக்காரர்.
• பணம் வந்ததை வாடிக்கையாளர் அனுப்பும் படத்தைக் கொண்டு நம்பாமல், வங்கிக் கணக்கில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.
• ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

கடனுக்கு விற்போருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும். அரசின் இணையத்தளத்தில் இதற்கு முறையிடலாம். உத்யம் பதிவு பெற்றிருப்பதன் பயன் இங்கே தெரியும்.

பலனை அளவிடுதல்

எத்தனை பேர் பதிவை விரும்பினர் என்பது பலனாகாது. புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரியும்?" என்று கேட்டு நோட்டில் குறித்துவர வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு மாதத்தில் வாட்ஸ்அப் வழியாக 40 விசாரணைகள் வந்து 4 ஆர்டர்களும், பழைய வாடிக்கையாளர் சொல்லி 10 விசாரணைகள் வந்து 6 ஆர்டர்களும் கிடைத்தன எனக் கொள்வோம். இங்கே விளம்பரத்துக்குப் பணம் செலவிடுவதைவிட, பழைய வாடிக்கையாளருக்கு நன்றிச் செய்தியும் அடுத்த பருவத்தின் மாதிரியும் அனுப்புவதே ஆதாயம்.

அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கால் கிலோ சேவின் இலாபத்தைவிடக் கூரியர் கட்டணம் அதிகமாகலாம். அப்போது குறைந்தபட்ச அளவை ஒரு கிலோ என வைக்கலாம். அல்லது ஒரே ஊருக்குச் செல்லும் பொட்டலங்களைச் சேர்த்து அனுப்பலாம்.

கூகுள் பக்கம் ஒன்று, வாட்ஸ்அப் எண் ஒன்று, குறிப்பு நோட்டு ஒன்று ஆகிய மூன்றையும் ஓராண்டு ஒழுங்காகப் பேணிய பிறகே தனி வலைத்தளம், கட்டண விளம்பரம் ஆகியவற்றைப் பற்றி எண்ணுவது சிறு தொழிலுக்கு ஏற்றது.