ஆளை மாற்றினால் ஆட்டம் மாறுமா?



அஸருக்குப் பின் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைத் தேடினால் பெரும்பாலும் மைதானத்தில்தான் இருப்பார்கள். கால் முட்டி வரை சேறு பட்டாலும் பந்தை விடமாட்டார்கள். இரவில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுத்தான்: "மென்செஸ்டர் தோற்றுவிட்டது, மனேஜரைத் துரத்த வேண்டும்!" இது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று நீங்கள் காதில் வாங்காமல் இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நினைத்த பலன் கிடைக்கவில்லை என்றால் ஆளை மாற்றுவதா, பொறுத்திருப்பதா?

உதைபந்தாட்டக் கழகங்கள் ஏன் ஆளை மாற்றுகின்றன? அணி தொடர்ந்து தோற்றால் வீரர்கள் அனைவரையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. அவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு. வாங்கவும் விற்கவும் குறித்த காலம் உண்டு. பயிற்றுவிப்பாளரோ ஒருவர். அவரை இன்று இரவே அனுப்பிவிடலாம். கோபத்தில் இருக்கும் இரசிகர்களுக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று காட்டவும் அது உதவும்.

புதியவர் வந்ததும் இரண்டு ஆட்டங்களில் வெற்றி கிடைக்கிறது. "பார்த்தீர்களா?" என்கிறார்கள். பிள்ளைக்குத் தடிமன் பிடித்தால் நான்கு நாள் ஒரு வைத்தியரின் மருந்தைக் கொடுப்போம். ஐந்தாம் நாள் வேறொருவரிடம் போவோம். ஆறாம் நாள் சுகமாகிவிடும். புகழ் யாருக்கு? இரண்டாமவருக்கு! தானாகத் தீரும் நாள் வந்துவிட்டது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தொடர் தோல்வியும் பல வேளைகளில் அப்படித்தான் தீர்கிறது.

அலெக்ஸ் பெர்குசன் 1986 நவம்பரில் மென்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்கு வந்தார். முதல் நான்கு பருவங்களில் மூன்றில் லீக்கில் அணிக்குக் கிடைத்தது பதினோராம், பதின்மூன்றாம் இடங்களே. அவரை அனுப்பச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. கழகம் பொறுத்தது. 1990இல் முதல் கிண்ணம் வந்தது. 1993இல், 26 ஆண்டுகளுக்குப் பின், லீக் பட்டமும் வந்தது. பெக்கம், ஸ்கோல்ஸ் போன்றோர் கழகத்தின் இளைஞர் அணியிலே வளர்ந்து வந்தவர்கள். 2013இல் அவர் ஓய்வுபெற்றபோது லீக் பட்டங்கள் மட்டும் பதின்மூன்று. அதற்குப் பின் மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷெயர், டென் ஹாக் என ஆள் மாறிக்கொண்டே இருந்தது. 2024 நவம்பரில் அமோரிம் வந்தார். 2025இல் முடிந்த பருவம் வரை ஒரு லீக் பட்டமும் கிட்டவில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். செல்சி கழகம் அடிக்கடி ஆளை மாற்றியே ஐரோப்பியச் சம்பியன் கிண்ணத்தை 2012இலும் 2021இலும் வென்றது. இரு முறையும் பயிற்றுவிப்பாளர் அதே பருவத்தின் நடுவில் வந்தவர். ஆனால் அவர்கள் கைக்கு வந்தது ஆண்டுக்கணக்கில் பெரும் பணம் கொட்டிச் சேர்த்த அணி. சமைத்த சோற்றை யாரும் பரிமாறலாம். நெல்லே விளையாத வீட்டில் பரிமாற ஆள் மாற்றி என்ன பயன்?

நம் நாட்டைப் பாருங்கள். 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்த நாடு இது. 2018இல் முன்னாள் வீரர் பக்கீர் அலி தேசிய அணியைப் பொறுப்பேற்றார். அவ்வருடம் டாக்காவில் இலங்கையும் மாலைதீவும் எல்லாவற்றிலும் சமமாக நின்றன. நாணயம் சுண்டி மாலைதீவை அடுத்த சுற்றுக்கு அனுப்பினார்கள். அதே மாலைதீவு கிண்ணத்தையும் வென்றது! ஒரு நாணயம் புரண்டதற்கு எந்தப் பயிற்றுவிப்பாளரைக் குறை சொல்வது? 2020இல் அமிர் அலாகிச் வந்தார். 2022இல் அன்டி மொரிசன் வந்தார். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையைத் தடை செய்தது. அத்தடை ஆகஸ்டில்தான் நீங்கியது. 2024இல் குவைத் நாட்டவரான அல்முதைரி வந்தார். ஆறு வருடத்தில் நான்கு பேர்! குறை நிர்வாகத்தில் இருக்கும்போது மைதானத்தில் நிற்பவரை மாற்றி எவ்வளவு நன்மை வரும்?

சப்ரகமுவையில் வாழும் நமக்கு இதை இறப்பர் மரமே சொல்லித் தரும். இன்று கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருடம் வேண்டும். 1992இல் அரசாங்கத் தோட்டங்களைக் கம்பனிகளுக்குக் கொடுத்தபோது நிர்வாக ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கே. மரம் பால் தருமுன் தன் காலம் முடிந்துவிடும் என்று தெரிந்தவருக்குக் கன்று நடும் எண்ணம் எங்கிருந்து வரும்? அதனால்தான் 1995 முதல் நீண்ட காலக் குத்தகை வந்தது. நாளைக்கே போக வேண்டியவர் இன்றைய பாலைத்தான் பார்ப்பார். நாளைய கன்றை நினைக்கமாட்டார். அஞ்சி நிற்கும் பயிற்றுவிப்பாளரும் அப்படித்தான். பதினேழு வயதுப் பையனைப் பழக்கி எடுக்க அவருக்கு அவகாசம் இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஒரு தவணையில் கணக்குக்குப் புள்ளி குறைந்தால் டியூஷன் மாஸ்டரை மாற்றுகிறோம். பிள்ளை ஓதுவதில் தடுமாறினால் மத்ரஸாவை மாற்றுகிறோம். தோட்டப் பகுதிப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுப் போவதே பெரும் குறை. அதற்கு மேல் நாமும் மாற்றினால் பிள்ளை ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலிருந்தே தொடங்குகிறது.

எனவே மாற்றுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த வேலை பலன் தர எவ்வளவு காலம் வேண்டும்? அந்தக் காலம் கடந்துவிட்டதா? குறை ஆளிடமா, அல்லது பிள்ளையின் தூக்கம், பசி, வீட்டுச் சச்சரவு போன்ற வேறு எதிலுமா? பிள்ளையை அடித்துக் காயப்படுத்துபவர், தவறாக நடப்பவர், வகுப்புக்கே வராதவர் விடயத்தில் பொறுமைக்கு இடமில்லை, அன்றே நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு ஒரு வருடமாவது கொடுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், இதுவரை படித்தது என்ன, விட்ட இடம் எது என்று கொப்பியில் எழுதிப் புதியவர் கையில் கொடுங்கள். ஆள் மாறலாம், வேலை அறுந்துபோகக் கூடாது. நிலைத்தன்மை என்பது அதுதான்.

இன்றிரவு மகன் மறுபடியும் "மனேஜரைத் துரத்த வேண்டும்" என்றால், "அவர் வந்து எத்தனை மாதம் மகன்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.