நூல் தராசில் ஏறிய பை

பையைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். முள் 7 கிலோ 400 கிராமில் போய் நின்றது. பைக்குச் சொந்தக்காரன் என் அண்ணன் மகன், ஐந்தாம் வகுப்பு. அவனுடைய எடையே 32 கிலோதான்.

எங்கள் வீடு இளம்பிள்ளையில், தறி ஓடும் வீடு. பாவு நூலும் ஊடை நூலும் எடை போடுகிற தொங்கு தராசு தறிக்கூடத்து விட்டத்தில் எப்போதும் தொங்கும். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் குடும்பத்தோடு நடந்து போவது என்று முடிவானதும் நான் முதலில் தேடிப் போனது அந்தத் தராசைத்தான்.

இளம்பிள்ளையிலிருந்து மகுடஞ்சாவடி, சங்ககிரி, ஈரோடு, காங்கேயம், தாராபுரம் வழியாகப் பழனி 150 கிலோமீட்டருக்கு மேல். பெரியவர்களுக்கே ஒரு வாரம் பிடிக்கும். சின்னப் பிள்ளைகளை முதல் தடவையே அவ்வளவு தூரம் நடக்கவைப்பது சரியில்லை என்பது என் கட்சி. அதனால் நானும் அண்ணனும் வீட்டிலிருந்து நடப்பது, அண்ணியும் ஆயாவும் பிள்ளைகள் இருவரும் பஸ்ஸில் தாராபுரம் வந்து சேர்ந்துகொள்வது என்று பேசி முடித்தோம். தாராபுரத்திலிருந்து பழனி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மூன்று நாளாகப் பிரித்தால் நாளுக்கு 12 கிலோமீட்டர்.

"நாலு கிலோ எடுத்து வெளிய வையி"ன்னேன்.

"சித்தப்பா, ஒரு கிலோ ரெண்டு கிலோ அதிகமா இருந்தா என்ன பண்ணிரும்?"

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்தோம். அவனுடைய ஓர் எட்டு சுமார் 60 சென்டிமீட்டர். 12 கிலோமீட்டருக்கு 20,000 எட்டு. நடக்கும்போது நம் உடம்பு நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே எழும்பி இறங்குகிறது. சுவரோரம் யாரையாவது நடக்கச் சொல்லி அவர் தலையைப் பாருங்கள், தெரியும். பையில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் அதே மாதிரி எழும்பி இறங்கும். 4 சென்டிமீட்டரை 20,000 தடவை கூட்டினால் 800 மீட்டர். ஒரு கிலோ அரிசிப் பையை 800 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரே நாளில்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. ஊன்றிய கால் மேல் உடம்பு ஏறி இறங்குவது தலைகீழான ஊசல் போன்றது. மேலே ஏறும்போது செலவான ஆற்றலில் பாதிக்கு மேல், இறங்கும்போது முன்னோக்கிய வேகமாகத் திரும்பக் கிடைக்கிறது. அதனால்தான் மனிதனால் நாள் முழுக்க நடக்க முடிகிறது. ஆனாலும் மிச்சத்தைத் தசைதான் கொடுத்தாக வேண்டும்.

பிள்ளைகளின் பை அவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப்பை கொள்கையும் இதே அளவைத்தான் சொல்கிறது. 32 கிலோ பையனுக்கு 3 கிலோ 200 கிராம். டர்க்கி டவல் வெளியே போய் ஈரிழைத் துண்டு உள்ளே வந்தது. இரண்டு ஸ்வெட்டரில் ஒன்று போனது. கஞ்சமலை அடிவார ஓடை மணலில் இழுத்துக் கறுப்புத் துகள் பிடிக்க அவன் வைத்திருந்த பெரிய காந்தமும் போனது. (கஞ்சமலையில் காந்த இரும்புத்தாது நிறைய உண்டு. அந்த மணலில் காந்தத்தை இழுத்தால் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.) கடைசியாக ஆயா வைத்த முறுக்கு டப்பா.

"வழியில பசிச்சா என்ன கண்ணு பண்ணுவ?" ஆயாவுக்கு மனசே வரவில்லை.

"வழியெல்லாம் அன்னதானம் ஆயா!"

எடை குறைந்ததும் அடுக்குகிற வேலை. இதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். தண்ணீர் நிறைந்த பாட்டிலை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள். ஒன்றும் தெரியாது. அதையே கையை நீட்டிப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் தோள் நடுங்கும். எடை மாறவில்லை, உடம்புக்கும் எடைக்கும் உள்ள தூரம் மாறிவிட்டது. பையிலும் கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் அது பின்னால் இழுக்கும், நாம் முன்னால் குனிவோம், சாயங்காலம் இடுப்பு கேள்வி கேட்கும். தோள்பட்டை வாரும் அகலமாக இருக்கட்டும். கட்டைப்பையின் மெல்லிய காது விரலை அறுக்கிறதே, அதே எடைதான் அகலமான வாரில் பரவி உட்கார்ந்துவிடுகிறது.

சுமை தூக்குவதைப் பற்றிய பழங்கதை பழனியிலேயே இருக்கிறது. இடும்பன் இரண்டு மலைகளைக் கழியின் இரு முனையில் கட்டித் தோளில் வைத்துக் கொண்டுவந்தான் என்பது கதை. காவடியின் தொடக்கம் அதுதான் என்பார்கள். எங்கள் பக்கத்து எடப்பாடியிலிருந்து காவடிக் கூட்டம் பெருந்திரளாக நடந்தே பழனி போய், டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்து, மலைமேல் ஓர் இரவு தங்கி வருவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இரு முனைச் சுமையும் சமமாக இருந்தால் கழி எந்தப் பக்கமும் சாயாது, இது உங்கள் பாடப் புத்தகத்து நெம்புகோல். கழி வளையும் மூங்கிலாக இருந்தால் இன்னொரு வசதி. உடம்பு எழும்பி இறங்கினாலும் சுமை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் மிதந்து வரும், தோளில் இடி விழாது. மொத்த உழைப்பு குறைவதில்லை. தோள்வலிதான் குறைகிறது. வியட்நாமிலும் சீனாவிலும் இன்றும் மூங்கில் கழியில் சுமை கொண்டுபோகிறவர்களுக்கு இது கைவந்த கலை.

இனி கால். நடைப்பயணத்தில் பாதிப் பேரை உட்காரவைப்பது தூரம் இல்லை, கொப்புளம். கால் வைக்கும்போது உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. தோலோ காலுறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் அகப்பட்ட தோல் அடுக்குகள் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. லேசாக ஈரமான தோலில் பிடிப்பு அதிகம், அதனால் வேர்த்த காலில் சீக்கிரம் வரும்.

இங்கே நெசவு ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் நிற்கிறோம். சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் தண்ணீரைத் தன் இழைக்குள்ளேயே வைத்திருக்கும். பாலியஸ்டரோ அரை கிராம்கூட வைக்காது. வேர்வையைக் குடித்த பருத்தி லேசில் காயாது. சட்டைக்கும் துண்டுக்கும் அது நல்லது, காய்ந்துகொண்டே உடம்பைக் குளிர்விக்கும். காலுறைக்கு மட்டும் முழுப்பருத்தி வேண்டாம், செயற்கை இழை கலந்தது வாங்குங்கள். புதுச் செருப்பும் புது ஷூவும் கூடவே கூடாது. நாங்கள் இரண்டு மாதம் முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சமலைப் பக்கம் பையோடு நடந்து பழகினோம். முதல் வாரம் 4 கிலோமீட்டர், பிறகு 6, பிறகு 9.

அப்படியும் தாராபுரம் தாண்டி முதல் நாளே எட்டாவது படிக்கும் மூத்தவள் நொண்டினாள். குதிகாலில் காந்த ஆரம்பித்தபோதே சொல்லாமல், எல்லாரையும் நிறுத்தவேண்டுமே என்று ஒரு மணி நேரம் பொறுத்திருக்கிறாள். காந்துகிற நேரத்திலேயே உட்கார்ந்து, காலைத் துடைத்து, மருந்துக்கடை பிளாஸ்டரைச் சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தால் கொப்புளமே வந்திருக்காது. வந்த பிறகு உடைக்கவில்லை. மேல்தோல்தான் கிருமி புகாத மூடி. சுற்றிலும் பஞ்சு வைத்துக் கட்டினோம். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: யாருக்குக் காந்தினாலும் எல்லாரும் நிற்பது.

செருப்பில்லாமல் நடக்கும் பக்தர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். வெயில் ஏறியதும் அவர்கள் சாலையோரத்து வெள்ளைக்கோட்டின் மேலேயே அடி வைத்துப் போவார்கள். கறுப்புத் தார் வெயிலை விழுங்கிக் கொதிக்கிறது, வெள்ளை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. நாங்கள் பத்து மணிக்கு மேல் நடப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டோம். நிழல், சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்குமேல் மறுபடி.

நிலாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தை மாதம் சூரியன் மகரத்தில் நிற்கும். பௌர்ணமி நிலா அதற்கு நேர் எதிரே கடகத்தில், பூச நட்சத்திரத்தின் பக்கம். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியே வருவது இதனால்தான். ஆக, பூசத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் வளர்பிறையில் நடக்கிறார்கள். வளர்பிறை நிலா சாயங்காலமே வானத்தில் இருக்கும், விடியுமுன் மறைந்துவிடும். பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு கிளம்பிய நானும் அண்ணனும் அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால் கும்மிருட்டு. நிலா மறைவது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். கடைசி நாள்தான் விடியும்வரை வெளிச்சம். அதனால் சாயங்கால நடைக்கு நிலா, காலை நடைக்கு டார்ச்.

டார்ச்சை விட முக்கியம் பையின் பின்னால் ஒட்டும் ஒளிர்பட்டை. அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே அவை திருப்பி அனுப்பும். லாரி டிரைவரின் கண்ணுக்கு நீங்கள் தூரத்திலேயே பளிச்சென்று தெரிவீர்கள். முன்பக்கமும் ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், வலப்பக்க ஓரமாக எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

தண்ணீர் எப்போதும் கையில். ஒரு லிட்டர் வேர்வை காய்ந்தால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துப் போகிறது. வேர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ரொம்பத் துவண்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

ராத்திரி படுக்க ஒரு கோரைப்பாயும் போர்வையும் போதும். திறந்த வெளியில் வேண்டாம், புளியமரத்தடியோ கூரையோ பாருங்கள். தெளிந்த வானத்தின் கீழ் இருக்கும் பொருள் தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துக் குளிர்ந்து, அதன்மேல் பனி இறங்கும். வெளியே வைத்த அண்ணனின் பை விடியலில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மரத்தடியில் வைத்த பிள்ளைகளின் பைகள் காய்ந்தே இருந்தன.

பூசத்தன்று காலை பழனி அடிவாரத்தில் இருந்தோம். பையன் பையைக் கழற்றவே இல்லை, கனமாக இல்லையாம். ஊர் திரும்பியதும் அவன் தானாகவே தன் பள்ளிப்பையைக் கொண்டுபோய் நூல் தராசில் மாட்டினான். 5 கிலோ 100 கிராம். நீங்களும் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் உங்கள் பள்ளிப்பையை ஒருமுறை வைத்துப் பார்த்து, உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கணக்கை உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் காட்டுங்கள்.